தங்கவயலின் ஞாயிறு



நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயற்குழுவினர் நம்மைப் பணித்தனர். நாம் புலவரல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு கல்வியை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடும் கால அட்டவணையோடும் பழகி வருபவர். ஆகவே அரசர்களின் வரலாற்றையும் போர்களின் வரலாற்றையும் அறிஞர்க்கு விட்டு, நமக்குத் தெரிந்த ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டோம். அது ஞாயிற்றுக்கிழமை.

‘ஒரு கிழமைக்கும் வரலாறு உண்டோ?’ என்று சிலர் நகைக்கலாம். உண்டு என்பதே நம் துணிபு. பங்காருபேட்டையிலும் கோலார் தங்கவயலிலும் வாழ்ந்த தமிழ் மக்கள் தம் பண்டிகைகளையும் நட்பையும் அரசியலையும் வளர்த்தது பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான். இதனை இப்போது சொல்லவேண்டிய தேவையும் இருக்கின்றது. சென்ற பொதுக்குழுவில் அன்பர் சிலர், ‘ஆண்டு விழாவில் ஆடலும் பாடலும் விருந்தும் போதும்; பிற்பகல் கருத்தரங்கை நீக்கிவிடலாம்; அதில் அரசியல் நுழைகிறது, மனக்கசப்பு வருகிறது’ என்று கூறினர். முடிவு அடுத்த பொதுக்குழுவிற்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. அம்முடிவை எடுக்குமுன் நம் முன்னோர் தம் ஓய்வு நாளை எவ்வாறு கழித்தனர் என்பதை அறிந்துகொள்வது நலம்.

மக்கள் வந்த வழி

1802ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி இப்பகுதியில் நில அளவை செய்தபோது, ஊர்காம், மாரிகுப்பம் ஆகிய சிற்றூர்களின் மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டார். எழுபது ஆண்டுகள் கழித்து, ஓய்வுபெற்ற அயர்லாந்துப் படைவீரரான லவெல் என்பவர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றுச் சுரங்க முயற்சியைத் தொடங்கினார். 1880இல் லண்டன் மாநகரத்து ஜான் டெய்லர் கம்பெனியார் உள்ளே வந்தனர். முதற்சில ஆண்டுகள் பணமே கரைந்தது. 1880களின் நடுவில் வளமான தங்கப் படிவம் கிட்டியபின் மைசூர், சாம்பியன் ரீப், ஊர்காம், நந்திதுர்க்கம் என்னும் சுரங்கங்கள் செழித்தன.

சுரங்கத்திற்கு ஆள் வேண்டும். அந்த ஆட்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து வந்தனர். பஞ்சமும் கடனும் பண்ணையாரின் கொடுமையும் துரத்த, தீண்டப்படாதார் எனத் தள்ளிவைக்கப்பட்ட குடிகளே மிகுதியாக வந்தனர். ஊரில் செருப்பணிந்து நடக்க இயலாதவர்க்கு இங்கே பாறையை உடைத்தால் கூலி கிடைத்தது. பெருமை இல்லாத வேலைதான். ஆயினும் கையில் காசு வந்தது. அக்காசு பலவற்றை மாற்றியது.

அவர்களை ஏற்றி வந்தது நம் ரயிலே. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அப்பாதையில் மைசூர்க் கமிஷனராக இருந்த லூயின் பௌரிங்கின் பெயரால் பௌரிங்பேட்டை எனப்பட்ட நிலையமே இன்றைய பங்காருபேட்டை. பங்காரு என்பது தெலுங்கில் பொன். துரையின் பெயர் மங்கி, பொன்னின் பெயர் நிலைத்தது. 1894இல் இங்கிருந்து மாரிகுப்பம் வரை கிளைப்பாதை போடப்பட்டது. கோரமண்டல், ஊர்காம், சாம்பியன், மாரிகுப்பம் என வரும் நிலையங்களின் பெயர்களை நம் வீட்டுக் குழந்தைகளும் பாடமாகச் சொல்லும். இயந்திரம் உள்ளே சென்றதும் பொன் வெளியே வந்ததும் அப்பாதையில்தான். பின்னர் நாம் கூறப்போகும் பத்திரிகைகளும் அவ்வழியாகவே வந்தன.

ஞாயிறு காணாதவர்க்கு ஞாயிறு

சுரங்கத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை எத்தகையது என்பதை மேலே வேலை செய்யும் நம்மால் எளிதில் உணர இயலாது. விடியுமுன் சங்கு ஊதும். கூண்டில் ஏறிக் கீழே இறங்குவர். சாம்பியன் ரீப் சுரங்கம் முடிவில் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியது. அந்த ஆழத்தில் பாறையே கொதிக்கும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்று நம்மவர் அஞ்சிய பாறை வெடிப்பு எந்நேரமும் நிகழலாம். கல்தூசி நுரையீரலில் படிந்து ஆளை மெல்லக் கொல்லும். மேலே வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஆறு நாள் வானத்து ஞாயிற்றைச் சரியாகக் காணாதவர்க்கு ஏழாம் நாளில்தான் ஞாயிறு உதித்தது. தமிழில் கதிரவனுக்கும் அக்கிழமைக்கும் ஒரே பெயர் அமைந்தது இவர்கள் பொருட்டே எனத் தோன்றும்.

அந்த ஓய்வும் எளிதில் வந்ததன்று. பிரிட்டிஷ் இந்தியாவில் 1923ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் ஒருவரை வேலை வாங்கலாகாது என்றது. நிலத்தடியில் வாரத்திற்கு 54 மணி, மேலே 60 மணி என வரம்பிட்டது. மைசூரோ தனி அரசு; அதன் சட்டங்கள் வேறு. விடுதலைக்குப் பின் 1952ஆம் ஆண்டுச் சட்டமே நாடு முழுமைக்கும் வாரம் 48 மணி என்னும் வரம்பைத் தந்தது. ஆறு நாள் என்பது இன்று இயற்கை விதி போலத் தோன்றுகிறது. அதற்குப் பின்னே பல நாடுகளின் தொழிலாளர் பட்ட பாடு உள்ளது.

அந்நாளில் வெள்ளையர்க்குத் தனிக் கிளப்பும் புல்வெளியும் இருந்தன. நம்மவர்க்கு ‘லைன்’ எனப்பட்ட குடியிருப்புகளும் அவற்றில் மூங்கில் தட்டியால் அமைந்த ஒற்றை அறைகளும் இருந்தன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் தூரம் கம்பியிழுத்து மின்சாரம் கொண்டுவந்தனர். ஆசியாவே வியந்த செயல் அது. அம்மின்சாரம் முதலில் சென்றது இயந்திரங்களுக்கு; தொழிலாளியின் தட்டி அறைக்கு மண்ணெண்ணெய் விளக்கே துணை. அந்த அறைக்குள் ஓய்வு நாளைக் கழிக்க இயலாது. எனவே அவர்கள் வெளியே வந்து தெருவில் கூடினர். கள்ளுக்கடை ஒரு புறம் அழைத்தது. மறுபுறம் அழைத்தவர் யாவர் என்பதே இனிக் கூறப்படுவது.

ஒருவர் படிக்கப் பலர் கேட்டது

1898இல் சென்னையில் பண்டித அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே வாசகர் விருப்பப்படி விலையைக் குறித்த சொற்கள் நீங்கின. இதழின் பெயர் ‘தமிழன்’ என்று நின்றது. புதன்தோறும் ராயப்பேட்டையில் வெளிவந்த அவ்விதழுக்குத் தங்கவயலில் உறுதியான வாசகர் கூட்டம் இருந்தது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பௌத்த சங்கக் கிளைகள் தோன்றின. சென்னைத் தபால் ஜோலார்பேட்டை வழியாகப் பௌரிங்பேட்டையில் இறங்கிக் கிளை வண்டியில் ஏறிற்று. புதனன்று அச்சான எழுத்து அவ்வார ஓய்வு நாளுக்குள் சுரங்கத் தொழிலாளியின் காதுக்கு எட்டிவிடும்.

காதுக்கு என்றோம், கண்ணுக்கு என்றிலோம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் சிலரே. ஆதலால் ஒருவர் உரக்கப் படிப்பார்; பலர் சூழ்ந்திருந்து கேட்பர். கியூபா நாட்டில் சுருட்டுத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து பங்கு போட்டு ஒருவரை அமர்த்திச் செய்தித்தாளையும் கதைகளையும் படிக்கக் கேட்டனர் என்று வரலாறு கூறும். கடல் கடந்த அந்த வழக்கத்தை நம்மவர் அறியார். அதே தேவை அதே வழியைக் காட்டிற்று. கேட்பவர் வாளா இருப்பதுமில்லை. ‘அஃது எப்படி?’ என்று ஒருவர் வினவுவார். படிப்பவர் நிறுத்தி விளக்குவார். விளக்கம் பொருந்தாவிடில் மற்றொருவர் எழுவார். இன்று நாம் கருத்தரங்கம் என்று பெயரிட்டு அழைப்பிதழ் அச்சிடும் நிகழ்ச்சி இப்படித்தான் பிறந்தது.

இங்கே ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். அயோத்திதாசர் பண்டிகைகளையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். தீபாவளி அசுரனைக் கொன்ற நாளன்று. எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறையைப் பௌத்தர் கண்டறிந்து, அதனைத் தேய்த்து நீராடிய நாள் என்றார். கார்த்திகை தீபத்தை ஆமணக்கெண்ணெயின் கண்டுபிடிப்போடு இணைத்தார். இவ்விளக்கங்களை இன்றைய ஆராய்ச்சியாளர் அனைவரும் ஏற்கின்றனர் என்று நாம் கூறவில்லை. ஆயினும் அதன் விளைவைக் கருதுக. எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பலகாரம் உண்டு மகிழும் ஒரு நாளில், ‘இதை ஏன் கொண்டாடுகிறோம்? இதன் கதையை எழுதியவர் யார்? அதில் கொல்லப்பட்டவர் யார்?’ என்னும் வினாக்கள் எழுந்தன. விழாவும் விவாதமும் ஒரே பந்தியில் அமர்ந்தன. ஒன்று வந்தால் மற்றொன்று எழுந்து போகவேண்டும் என்னும் எண்ணம் அம்மக்களிடம் இல்லை.

அவர்களுடைய விழாக்களில் வைசாகமும் ஒன்று. பஞ்சசீலத்தின் ஐந்தாம் ஒழுக்கம் மது அருந்தாமை. சம்பளத்தைக் கள்ளுக்கடையில் விட்டுவிடும் நிலையிலிருந்த ஒரு சமுதாயத்தில் அவ்வொழுக்கம் மறுமைக்கு மட்டுமன்று, இம்மைக்கும் பயன் தந்தது. டாக்டர் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956இல். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே மாரிகுப்பத்துச் சுரங்கத் தொழிலாளர் அவ்வழியைத் தேர்ந்திருந்தனர் என்பது நாம் தலைநிமிர்ந்து கூறத்தக்க செய்தி.

1914 மே மாதம் பண்டிதர் மறைந்தார். இதழ் தளர்ந்தது, பின்னர் நின்றது. மீண்டும் 1926ஆம் ஆண்டளவில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு ‘தமிழன்’ எழுந்தபோது அது தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சென்னை தொடங்கியதைத் தங்கவயல் தாங்கிக்கொண்டது. பாறையை உடைத்த கைகளின் காசே அந்த அச்சுக்கு மையாயிற்று. பண்டிதரின் எழுத்துகள் 1999இல் ஞான. அலாய்சியஸ் அவர்களால் பெருந்தொகுதிகளாகத் தொகுக்கப்பெற்றபோது தமிழுலகமே வியந்தது. நம் பாட்டன்மாரோ அவற்றை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கேட்டிருந்தனர்.

நட்பும் பிணக்கும்

1925 மே மாதம் ஈரோட்டில் ‘குடி அரசு’ பிறந்தது. சுயமரியாதை இயக்கம் தங்கவயலுக்கு வந்தபோது அதற்கு விதைநிலம் ஆயத்தமாக இருந்தது. சாதியையும் புரோகிதத்தையும் வினவுதல் இங்கே புதிதன்று. எனினும் பிணக்குகள் எழாமலில்லை. மதமே வேண்டா என்பவரும், சாதியற்ற மதமாகிய பௌத்தம் வேண்டும் என்பவரும் ஒரே தெருவில் வாழ்ந்தனர். பக்கத்து லைனில் கிறித்தவர் இருந்தனர். தங்கவயலின் கிறிஸ்துமஸ் நெடுந்தூரம் பெயர் பெற்றது. அடுத்த தெருவில் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பவர் இருந்தனர். பொதுவுடைமைக் கொள்கையினர் பின்னர் வந்து சேர்ந்தனர். சென்னையில் 1923 மே முதல் நாள், இந்தியாவிலேயே முதன்முறையாக மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் தாமும் இளமையில் பௌத்த வட்டத்தில் பழகியவரே. இக்கொள்கைகள் ஒன்றோடொன்று உறவாடியும் சண்டையிட்டும் வளர்ந்தன.

சண்டையிட்டவர் மறுநாள் என் செய்தனர்? திங்களன்று விடியலில் ஒரே கூண்டில் ஏறிக் கீழே இறங்கினர். கீழே பாறை பெயர்ந்து விழும்போது, ‘நீ எந்தக் கட்சி?’ என்று கேட்டு எவரும் கை கொடுப்பதில்லை. இதுவே தங்கவயல் விவாதத்தின் தனித்தன்மை. கருத்து எவ்வளவு முரணினும் உறவு அறுவதில்லை. அறுத்துக்கொள்ள அவர்களால் இயலாது. மாமன், மச்சான் என்றே எதிர்க்கட்சிக்காரரை அழைத்தனர். மேடையில் தாக்கிப் பேசியவர் வீட்டுத் திருமணத்தில் பந்தி பரிமாறினர்.

நாம் கணக்கர், நாட்களைக் கணக்கிடும் வழக்கம் நம்மை விட்டுப் போகாது. சில புகழ்பெற்ற நிகழ்ச்சிகளின் கிழமையைப் பார்த்தோம். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்த செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு 1929 பிப்ரவரி 17இல் தொடங்கியது, அன்று ஞாயிறு. திராவிட முன்னேற்றக் கழகம் சென்னை ராபின்சன் பூங்காவில் மழையினூடே தன் தொடக்கப் பொதுக்கூட்டத்தை நடத்தியது 1949 செப்டம்பர் 18, அதுவும் ஞாயிறு. நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய 1956 அக்டோபர் 14ஆம் நாளும் ஞாயிறே. இதில் சோதிடம் ஒன்றுமில்லை. உழைப்பவர் திரளாகக் கூடவேண்டுமாயின் அவருக்கு ஓய்வுள்ள நாளே வாய்க்கும். ஏழையின் அரசியல் விடுமுறை நாளில்தான் நடக்கும். மற்ற நாட்களில் அவன் பிறருக்கு உரியவன்.

பேச்சு செயலானது

இவ்வளவு பேசி என்ன கண்டார்கள் என்று கேட்பவர்க்கு 1930ஆம் ஆண்டு விடை கூறும். தொழிலாளர் அனைவரையும் பெருவிரல் ரேகையுடன் பதிவு செய்யவேண்டும் என்று அவ்வாண்டு ஒரு விதி வந்தது. குற்றவாளிக்குரிய முறையைத் தமக்கு இடுவதாகத் தொழிலாளர் கருதினர். ஏப்ரல் மாதத்தில் பல்லாயிரவர் வேலையை நிறுத்தினர். சட்டம் ஏற்ற தொழிற்சங்கம் அன்று ஒன்றுமில்லை. பெயர்பெற்ற தலைவரும் இல்லை. இருந்தும் மூன்று வாரம் உறுதியாக நின்றனர். விதி திரும்பப் பெறப்பட்டது. இத்தனை பேரைச் சேர்த்துக் கட்டியது யாது? ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து உட்கார்ந்து கேட்டும் வினவியும் பழகிய பழக்கமே என்பது நம் கருத்து. உரிமை, மானம் என்னும் சொற்களை அவர்கள் முன்னரே தம் தெருவில் கேட்டிருந்தனர்.

1940களில் சங்கம் அமைக்கும் உரிமை சட்டப்படி வந்தது. வி. எம். கோவிந்தன், கே. எஸ். வாசன் முதலியோர் தொழிலாளரைத் திரட்டினர். 1946 நவம்பர் 4ஆம் நாள், திங்கட்கிழமை, போலீசாரின் தாக்குதலில் தொழிலாளர் அறுவர் உயிர் துறந்தனர். அந்நாள் இன்றும் தியாகிகள் நாளாகத் தங்கவயலில் நினைவுகூரப்படுகிறது. இன்று எட்டு மணி நேர வேலையும் வார விடுமுறையும் பெற்று, ‘அரசியல் நமக்கெதற்கு?’ என்று கூறும் நாம் அவ்வறுவரையும் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் தகும்.

1954இல் டாக்டர் அம்பேத்கர் தங்கவயலுக்கு வருகை தந்தார். வாக்குரிமை வந்தபின் தங்கவயல் தொகுதி கண்ட முடிவுகள் வேறெங்கும் காண்டற்கரியன. 1957இல் கம்யூனிஸ்டுக் கட்சியின் எம். சி. நரசிம்மன் வென்றார். பின்னர்க் குடியரசுக் கட்சியின் சி. எம். ஆறுமுகம் வென்றார். 1985இல் மார்க்சிஸ்டுக் கட்சி. 1989இலும் 1999இலும் அ.இ.அ.தி.மு.க.; 2004இல் மீண்டும் குடியரசுக் கட்சி. மாநிலம் முழுவதும் ஒரு காற்று வீசும்போது தங்கவயலில் வேறு காற்று வீசியதுண்டு. இதனை ஒழுங்கின்மை என்பர் சிலர். எவருக்கும் அடிமைச்சீட்டு எழுதித் தராமல் ஒவ்வொரு முறையும் பேசி முடிவு செய்யும் மக்களின் இயல்பு என்போம் நாம்.

குறை ஒன்று

இவ்வரலாற்றில் ஒரு குறையையும் மறைக்கலாகாது. ஞாயிறு ஆடவர்க்கே ஞாயிறாக இருந்தது. அன்றுதான் பெண்டிர்க்கு வேலை மிகுதி. ஆறு நாள் அழுக்கைத் துவைத்தல், எண்ணெய்க் குளியலுக்கு நீர் காய்ச்சுதல், கறிக்குழம்பு வைத்தல், வரும் நண்பர்க்கெல்லாம் தேநீர் தருதல் அனைத்தும் அவர் தலையில் விழுந்தன. தெருவில் பெண்ணுரிமை பற்றிப் பேச்சு நடக்கும். பேசியவரின் மனைவி அடுப்பங்கரையில் இருப்பார். நம் சங்க விழாக்களிலும் இந்நிலை முற்றும் மாறிவிட்டதாகக் கூற இயலாது. கோலமிடுவோரும் பாயசம் காய்ச்சுவோரும் யார், மேடையில் அமர்வோர் யார் என்று எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

பிற ஊர்த் தமிழர் செய்தது

பிழைப்பு நாடிச் சென்ற தமிழர் எல்லாரும் இவ்வினாவை எதிர்கொண்டவரே. சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ இதழை நிறுவிய கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். சாதியாலும் சமயத்தாலும் பிரிந்திருந்த தமிழரைப் பொங்கலையொட்டி ஒன்றுகூட்டுவது அவர் நோக்கம். அங்கே கலையும் இலக்கியமும் மட்டும் வளரவில்லை; குடியுரிமை பெறுங்கள், இந்நாட்டையே நாடாகக் கொள்ளுங்கள் என்னும் அறிவுரையும் அவரால் பரப்பப்பட்டது. விழாவின் வழியே மக்கள் தம் எதிர்காலத்தைப் பற்றிச் சிந்தித்தனர்.

நமக்கு அருகிலுள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950இல் தோன்றியது. அல்சூர் ஏரிக்கருகே திருவள்ளுவர் சிலை 1991இல் நிறுவப்பட்டும் திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. அவ்வாண்டு இறுதியில் காவிரிச் சிக்கலால் நம்மவர் பட்ட துன்பத்தை மூத்தோர் அறிவர். பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் சிலை திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. கொடுக்கலும் வாங்கலும் ஒருசேர நிகழ்ந்தன. பெங்களூரில் வள்ளுவர் முகம் கண்ட அந்நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையே. முழக்கத்தால் ஆகாதது பேச்சினால் ஆயிற்று. அண்டை வீட்டாராகிய கன்னடரோடும் தெலுங்கரோடும் உருது மொழியாரோடும் கலந்து வாழும் நமக்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ?

இன்றைய ஞாயிறு

1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. எண்ணூறு டன்னுக்கு மேல் பொன் தந்த அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. ‘தமிழன்’ பிறந்த கிழமையும் சுரங்கம் மூடிய கிழமையும் புதன் என்பதைக் கணக்கன் என்ற முறையில் குறித்து வைக்கிறோம்.

அதன்பின் தங்கவயல் ரயிலில் வாழத் தொடங்கியது. மாரிகுப்பத்தில் இருள் பிரியுமுன் புறப்படும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குச் செல்கின்றனர், இரவில் திரும்புகின்றனர். ஆடவரோடு பெண்களும் செல்கின்றனர். பாட்டன் நிலத்தடியில் ஞாயிற்றைக் காணவில்லை. பேரன் பேர்த்தியர் ரயில் பெட்டியில் காணவில்லை. ஆகவே ஓய்வு நாள் அவர்களுக்குத் தூங்கித் தீர்க்கும் நாளாகிவிட்டது. எஞ்சிய நேரத்தைக் கைப்பேசி கொண்டுபோகிறது. அதில் அரசியல் இல்லையா எனில் மிகுதியாக இருக்கிறது. ஆனால் எதிரே அமர்ந்து, ‘அஃது எப்படி?’ என்று கேட்கும் மாமனும் மச்சானும் இல்லை. முகம் காணாது எழுதும் சொல்லுக்குத் திங்கட்கிழமைக் கூண்டின் கட்டுப்பாடு கிடையாது. அதனால்தான் கசப்பு பெருகுகிறது. கூடிப் பேசியதால் நேர்ந்த கசப்பைவிடக் கூடாமற் பேசுவதால் நேரும் கசப்பே பெரிது.

நம் வேண்டுகோள்

கருத்தரங்கை நீக்கவேண்டும் என்ற அன்பர்களின் அச்சத்தை நாம் புறக்கணிக்கவில்லை. வெளிமாநிலத்தில் வாழ்பவர் சொல்லில் கவனம் வேண்டும். கட்சிக்காரர் சங்கத்தைத் தம் கொடிமரமாக்க முயல்வதும் உண்டு. குடும்பத்தோடு வந்தவர் முன் இரைச்சல் எழுந்தால் அடுத்த ஆண்டு அவர் வரமாட்டார். இவையெல்லாம் மெய்யே. ஆயினும் தலைவலிக்குத் தலையை நீக்குவது மருத்துவமாகாது.

ஆகவே பொதுக்குழுவின் முன் மூன்று கருத்துகளைப் பணிவோடு வைக்கிறோம். முதலாவது, கருத்தரங்கம் ஒரு மணி நேரம் நடைபெறட்டும். ஆனால் அதன் பொருள் நம் ஊரைப் பற்றியதாக இருக்கட்டும். வண்டியின் நேரம், மூடிய சுரங்கத்துக் குடியிருப்பின் உரிமை, சயனைடு மண்மேட்டின் தூசி, பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு எனப் பேசவேண்டியவை நிரம்ப உள்ளன. இரண்டாவது, ஒருவர் படிக்கப் பலர் கேட்ட பழைய முறையைப் பின்பற்றி, ஒரு கட்டுரையை முதலில் படித்துவிட்டு அதன்மீதே வினாக்கள் எழட்டும். படியாமற் பேசுவது குறையும். மூன்றாவது, அந்த ஒரு மணி நேரம் சமையற்கட்டும் பந்தியும் ஆடவர் பொறுப்பில் இருக்கட்டும். பெண்மக்கள் அவையில் முன்வரிசையில் அமர்ந்து பேசட்டும். முந்தையோர் விட்ட குறையை நாம் நிறைவு செய்ததாகும்.

மாலையில் ஆடலும் பாடலும் தாராளமாக நடைபெறுக. குழந்தைகளின் மாறுவேடப் போட்டிக்கு நாமும் முன்வந்து கைதட்டுவோம். விருந்தில் நம் பங்கை எவருக்கும் விட்டுத்தர மாட்டோம். ஆனால் விருந்து உண்ணும் வாய்க்குப் பேசும் உரிமையைப் பெற்றுத்தந்தவர்கள் தட்டி அறையில் வாழ்ந்து, மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்கள். நிலத்தடியிலிருந்து அவர்கள் எடுத்த பொன் இங்கே தங்கவில்லை. லண்டனுக்கும் பிற இடங்களுக்கும் சென்றது. ஓய்வு நாளில் கூடி வளர்த்த பழக்கம் மட்டுமே நமக்கென்று எஞ்சியது. அதனை வைப்பதும் விடுவதும் இனி நம் பொதுக்குழுவின் கையில்.